சுருட்ட முடியாதது விரிப்பு ஆகாது

புது வீட்டுக்குப் பால் காய்ச்சியவர்களிடம் மதுரையில் இப்போது எல்லோரும் ஒன்றுபோலச் சொல்லும் வாக்கியம் இது: "டைல்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹால் மொட்டையாத் தெரியுது. ஒரு கார்ப்பெட் போட்ருங்கண்ணே." டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் சொல்கிறார், உள் அலங்கார வேலை பார்ப்பவர் சொல்கிறார், விருந்துக்கு வந்த மாமன் மச்சான் வரை சொல்கிறார்கள். கார்ப்பெட் என்று இவர்கள் சொல்வது, கால்விரல் புதைகிற அளவுக்கு முடி வைத்து இயந்திரத்தில் நெய்த செயற்கை இழைக் கம்பளத்தை. அதோடு சில விதிகளும் வந்துவிடுகின்றன. சோபாவின் முன்கால் இரண்டும் கம்பளத்தின் மேல் நிற்க வேண்டும். டீப்பாய் நடுவில் வர வேண்டும். நிறம் திரைச்சீலையோடு ஒத்துப்போக வேண்டும். "வீட்டுல ஜமக்காளம் இருக்கே?" என்று கேட்டால், அது டைல்ஸுக்கு ஆகாது, வழுக்கும், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் என்று பதில் வருகிறது.

இந்தக் கருத்து தவறு என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் டைல்ஸ் தரைக்கு ஒரு விரிப்பு எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நிறமும் அல்ல, தடிமனும் அல்ல. வீட்டில் ஒருவர் தனியாக அதைச் சுருட்டித் தூக்க முடியுமா? வீட்டுத் தண்ணீரில் அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டால் பொழுது சாய்வதற்குள் காயுமா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆம் என்று சொல்லாத எதுவும் நம் தரைக்கு உரியது அல்ல, அது எவ்வளவு விலை பெற்றிருந்தாலும்.

முடி வைத்த கம்பளம் எங்கே பிறந்தது என்று பாருங்கள். இன்று உலகில் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழைய முடிச்சுக் கம்பளம் 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்தில், பனி உறைந்து கிடந்த ஒரு கல்லறைக்குள் கிடைத்தது. அதற்கு ஏறக்குறைய 2,400 வயது. பனி உறைந்து நின்றதால்தான் அது கெடாமல் தப்பியது. அங்கிருந்து பாரசீகம், துருக்கி, காஷ்மீர் என்று கம்பளம் பேர் வாங்கிய நாடுகளை எண்ணினால், எல்லாமே குளிர்காலத்தில் தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுத்தாக வேண்டிய நாடுகள். ஆட்டு மயிரை முடிச்சு முடிச்சாகப் போட்டு, இடையிடையே காற்றைச் சிறைபிடித்து, உடம்பின் சூடு தரைக்குள் இறங்காமல் காப்பதுதான் அதன் வேலை. காஷ்மீர்க் கைமுடிச்சுக் கம்பளத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அது தன் ஊரின் குளிருக்குச் சரியான விடை. நம் ஊரின் கேள்வி வேறு.

நம் கேள்வி வெயில். பங்குனி பாதியில் தொடங்கி ஆவணி வரைக்கும் மதுரையின் பகல் சுடுகிறது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் நமக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் வீட்டுக்குள் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே குளிர்ச்சி தரைதான். டைல்ஸும் அதன்மேல் கிடக்கும் கம்பளமும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் டைல்ஸில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது. கம்பளத்தில் வைத்தால் அப்படி இல்லை. டைல்ஸ் உள்ளங்காலின் சூட்டை விறுவிறுவென்று வாங்கிக்கொள்கிறது, கம்பளம் வாங்க மறுக்கிறது, அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைக்கு ஒரு கையை அணைவைத்து வெறுந்தரையில் படுக்கிற பழக்கம் சோம்பலால் வந்ததல்ல, அனுபவத்தால் வந்தது. கீழ்த்தள வீட்டின் தரை மண்ணோடு சேர்ந்து கிடப்பதால் வெயில் காலத்தில் அதன் குளிர்ச்சி இன்னும் கூடுதல். அந்தத் தரையைப் பத்துக்கு எட்டு அடியில் செயற்கை முடியால் நிரந்தரமாக மூடிவிட்டு, பிறகு மேலே ஏசி மாட்டுகிறோம். கொத்தனாரிடம் டைல்ஸுக்கு ஒரு பணம், கடையில் அதை மறைப்பதற்கு இன்னொரு பணம், மின்வாரியத்துக்கு மூன்றாவது பணம். இந்த மூன்று செலவையும் ஒரே வீடு சுமக்கிறது.

அடுத்தது தூசி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் நம் போன்ற ஊரில் இருந்துதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் காற்று வைகையின் காய்ந்த மணலையும் தோண்டிப் போட்ட தெருக்களின் புழுதியையும் சன்னல் வழியாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. மதுரையில் காலையில் கூட்டிய வீட்டைச் சாயங்காலம் மறுபடி கூட்டாதவர்கள் குறைவு. டைல்ஸில் விழுந்த தூசி கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தில் வந்துவிடும். முடிக் கம்பளத்தில் விழுந்த தூசி கண்ணுக்குத் தெரியாமல் அடிக்குப் போய்விடும். "கம்பளம் தூசியைப் பிடிச்சு வச்சுக்கிறதால வீட்டுக் காத்து சுத்தமாகுது" என்று இதற்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். பிடித்து வைத்ததை யார் வெளியே எடுப்பது? தினமும் நல்ல வேக்குவம் கிளீனரை முன்னும் பின்னும் இழுக்கிற வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தும். துடைப்பமும் மாப்பும் கொண்டு வேலை நடக்கும் வீட்டில் கம்பளம் தூசிக்குக் களஞ்சியம். மனிதத் தோலின் செதிலைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளுக்கு அந்தக் களஞ்சியம்தான் ஊர். அவற்றின் கழிவுதான் பல பிள்ளைகளுக்கு இரவில் இழுப்பையும் விடிகாலைத் தும்மலையும் கொண்டுவருகிறது. அவற்றை ஒழிக்க நன்றாகக் கொதித்த வெந்நீரும் சுள்ளென்ற வெயிலும் வேண்டும். பருத்தி விரிப்புக்கு இரண்டையும் கொடுக்கலாம். ரப்பர்ப் பால் பூசி அடித்துணி ஒட்டிய கம்பளத்துக்கு இரண்டையும் கொடுக்க முடியாது.

நானும் ஒரு கம்பளம் வாங்கினேன். திருநகர்ப் பக்கம் வீடு கட்டிக் குடிபோன ஆண்டு அது. கடைக்காரர் பணிவாகவே பேசினார். "சார், டைல்ஸுக்குப் பராமரிப்பே இல்லாத ஐட்டம் இதுதான். ஜமக்காளமெல்லாம் இப்ப யாரு சார் போடுறா?" என்றார். சாம்பல் நிறம், ஆறுக்கு ஒன்பது அடி. விரித்த அன்று வீடு அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். முதல் ஐப்பசி மழையில் சன்னல் வழியாகச் சாரல் அடித்து ஒரு மூலை நனைந்தது. இங்கே டைல்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக நம் ஊருக்கு வரும் விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. அதுதான் அதன் பெருமை. ஆனால் மேலே ரப்பர்ப் பால் பூசிய கம்பளம் கிடந்தால், இடையில் புகுந்த ஈரம் கீழேயும் இறங்காது, மேலேயும் ஏறாது. நாலு நாளில் வீட்டில் ஈரநாய் வாடை. நானும் என் மனைவியும் சேர்ந்து அதை மாடிக்கு இழுத்தோம். நனைந்த கம்பளத்தின் கனம் பிணக்கனம். மூன்று நாள் வெயிலில் கிடந்தும் அடி காயவில்லை. மறுபடி கொண்டுவந்து விரித்தபோது அந்த மூலை மட்டும் நிமிர்ந்து சுருண்டு நின்றது. அதற்கு மேலே அடுத்த கோடையில் அடிப்பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து டைல்ஸில் மஞ்சள் மாவாக ஒட்டியது.

சுருண்டு நின்ற அந்த மூலையில்தான் என் அப்பா தடுக்கி விழுந்தார். இரவு இரண்டு மணி, பாத்ரூம் போக எழுந்தவர். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. வழுக்கவில்லை, தடுக்கியது. பராமரிப்பே தேவையில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது, நம் ஊர்ச் சொல்வழக்கிலேயே சொன்னால், ஜமக்காளத்தில் வடிகட்டின பொய். மறுநாளே கம்பளத்தைத் தூக்கி வெளியே போட்டேன். அதற்காகத் துப்புரவுப் பணியாளரிடம் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செயற்கை இழை மக்கவும் மக்காது, பழைய துணிக்காரரும் எடுக்க மாட்டார்.

வழுக்கல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எதிர்த் தரப்பின் வலுவான வாதம் அதுதான். அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மெருகேற்றிய டைல்ஸில் வெறும் ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் வேகமாக நடந்தால் அது நகரும். உண்மை. பிள்ளைகள் ஓடிவந்து அதன்மேல் குதித்தால் பலகையைப் போல வழுக்கிக்கொண்டு போகும். அதுவும் உண்மை. ஆனால் இந்த உண்மைக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. டைல்ஸ் வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் இருந்தது சிவப்புச் சிமெண்டுத் தரை. முப்பது நாற்பது ஆண்டு துடைத்துத் துடைத்து முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேறிய தரை அது. செட்டிநாட்டுப் பக்கம் போனால், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை வார்த்துச் செய்யும் ஆத்தங்குடிக் கல். அதுவும் வழவழப்புக்குக் குறைந்ததல்ல. அவற்றின் மேலெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஜமக்காளம் விரித்தார்களே, வீட்டுக்கு ஒருவர் விழுந்தாரா?

விழவில்லை. அவர்கள் அதை நடைபாதையில் போடவில்லை. உட்காரும் இடத்தில் போட்டார்கள். சுவரை ஒட்டி, தூணை ஒட்டி, ஊஞ்சலுக்கு எதிரே. வந்தவர் உட்கார்ந்தார், பேசினார், எழுந்தார். ஜமக்காளம் சுருட்டி மூலைக்குப் போனது. அதன்மேல் யாரும் செருப்புக் காலோடு ஏறவில்லை, குறுக்கே நடக்கவில்லை. குளிர் நாட்டுக்காரருக்குக் கம்பளம் என்பது தரையின் ஒரு பகுதி. அவர் அதன்மேல் காலணியோடு நடக்கிறார், நாற்காலி போட்டு உட்காருகிறார். நமக்கு விரிப்பு என்பது இருக்கை. தமிழில் அந்தச் சொல்லே வினையிலிருந்து வந்தது: விரிப்பதால் விரிப்பு. விரிப்பது என்றால் சுருட்டுவதும் உண்டு. இருக்கையை எடுத்து நடைபாதையாக்கிவிட்டு, வழுக்குகிறது என்று அதன்மேல் பழிபோடுகிறோம்.

ஆனாலும் இன்றைய வீட்டில் ஹாலில் எப்போதும் ஒன்று விரித்துக் கிடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். முதியவர்களும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அவர்கள் கவலை நியாயமானது. அதற்கு வழி எளிது. ஹார்டுவேர் கடையில் ரப்பர் வலை கிடைக்கிறது. ஜமக்காளத்தைவிட நாலு பக்கமும் இரண்டு விரற்கடை சின்னதாக வெட்டி அடியில் போட்டால் அசையாது. ஒரு பக்கத்தை திவானின் கால் அல்லது மர அலமாரியின் அடியில் செருகினால் இன்னும் நல்லது. சிவப்புச் சிமெண்டும் ஆத்தங்குடிக் கல்லும் இருக்கும் வீட்டில் அந்த வலையை வாரம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும், வெயில் காலத்தில் அது தரையில் ஒட்டிக் கறை பிடிக்கும். பாத்ரூம் வாசலுக்கும் அடுப்படி வாசலுக்கும் எந்த விரிப்பும் வேண்டாம், தடித்த பருத்தி மிதியடி போதும். அதையும் ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். ஈர டைல்ஸ் தானாகவே வழுக்கும். அதற்கு எந்த விரிப்பும் பொறுப்பு அல்ல. மருத்துவமனையில் அப்பாவின் கட்டை மாற்றும்போது ஒரு செவிலியர் சொன்னது நினைவிருக்கிறது. வயதானவர்கள் காலைத் தூக்கி வைப்பதில்லை, இழுத்து வைக்கிறார்கள். அரை அங்குல உயரம் போதும், விழுந்துவிடுவார்கள் என்றார். முடிக் கம்பளத்தின் விளிம்பு அந்த அரை அங்குலம். கைத்தறி ஜமக்காளம் தரையோடு தரையாகக் கிடக்கும்.

"நம்ம மரபிலேயே ரத்தினக் கம்பளம் இருக்கே" என்று வரலாற்றைக் காட்டுபவர்களும் உண்டு. இருக்கிறது. ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள் என்று இன்றும் மேடையில் சொல்கிறோம். அந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டுகிறேன். பெரியவர் வருகிறார், விரிக்கிறார்கள். அவர் போன பிறகு? சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். கிடையாகக் கிடக்கும் ஒன்றை விரித்து யாரையும் வரவேற்க முடியாது. அரண்மனையில்கூட அது வரவேற்பின் அடையாளமாக இருந்தது விரிக்கப்பட்டதால்தான். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன். சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் சொந்தபந்தம் வந்து சேரும். நாலு பேர் இருக்கிற வீட்டில் பதினைந்து பேர். கட்டில் இரண்டுதான். பரணிலிருந்து பாயும் ஜமக்காளமும் இறங்கும். "இங்கிட்டு ஒண்ணு விரிப்பா, அத்தைக்கு இடுப்பு வலி, ரெண்டாப் போடு" என்று குரல் கேட்கும். ஹாலில் பெண்கள் ஒரு வரிசை, முன்னறையில் ஆண்கள், மாடியில் பிள்ளைகள். சோபாவைச் சுவரோரம் தள்ளினால் போதும், டைல்ஸ் தரை முழுவதும் படுக்கை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆற்றுக்குக் கிளம்பும்போது அத்தனையும் சுருட்டி மூலையில் நிற்கும். வீடு மறுபடி வீடாகிவிடும். டைல்ஸ் தரை நமக்குக் கொடுத்த உண்மையான வசதி இதுதான்: துடைத்தால் சுத்தம், விரித்தால் படுக்கை, சுருட்டினால் இடம். நடு ஹாலில் சோபாக் கால் அழுத்திக்கொண்டிருக்கும் கம்பளம் இந்த வசதியைப் பூட்டி வைக்கிறது. அதன்மேல் விருந்தாளி படுக்க வீட்டுக்காரருக்கே கூச்சம், குழந்தை சிந்திவிடுமோ என்று பயம். நாலு ஆண்டு அந்தக் கம்பளம் என் வீட்டில் கிடந்தது. அந்த நாலு சித்திரையிலும் என் அக்கா குடும்பம் சிம்மக்கல்லில் வேறொரு சொந்தக்காரர் வீட்டில்தான் தங்கியது. அவர்கள் காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கம்பளம் போன பிறகு வந்த முதல் சித்திரையில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"பார்க்க மண்டபம் மாதிரி இருக்கு" என்ற வசவு எனக்குக் கோபத்தைத் தருகிறது. கல்யாண மண்டபத்திலும் பஞ்சாயத்து மரத்தடியிலும் பட்டிமன்ற மேடையிலும் ஜமக்காளம் கிடக்கிறது என்றால், அது எல்லோருடைய இருக்கை என்று பொருள். சாதி பார்த்து ஆளுக்கொரு திண்ணை வைத்திருந்த ஊர்களில், கூட்டத்தில் விரித்த ஒரே ஜமக்காளத்தில் எல்லோரும் அக்கம்பக்கம் உட்கார்ந்தது சின்ன விஷயம் அல்ல. எல்லோரும் உட்கார்ந்த ஒன்று தாழ்ந்துபோய்விட்டது என்று நினைக்கும் மனநிலையை நாம் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தாழ்வாக நினைப்பவர்கள் அதன் கதையைத் தெரிந்துகொள்வதும் நல்லது. ஈரோடு மாவட்டத்தில், காவிரியும் பவானி ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது பவானி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணி வந்து குவிந்தபோது அங்கிருந்த நெசவாளர்களின் பிழைப்பு போயிற்று. மெல்லிய துணியில் ஆலையோடு போட்டிபோட முடியாத நிலையில், அவர்கள் முரட்டுப் பருத்தி நூலை எடுத்து, பட்டை பட்டையாக நிறம் கொடுத்து, ஆலை நெய்யாத ஒன்றை நெய்தார்கள். அதுதான் பவானி ஜமக்காளம். குழித்தறியில், காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்வது. ஊடுநூலை அடித்து அடித்து நெருக்குவதால் பாவுநூல் கண்ணுக்கே தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்: ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம், ஒரு பக்கம் வெளுத்தால் மறுபக்கம் புதிது. முதுகில் ரப்பர் பூசிய எந்தக் கம்பளம் இதைச் செய்யும்? 2005-06இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 1985இல் நாடாளுமன்றம் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கு என்று ஒதுக்கப்பட்ட பொருள். இருந்தும் சோலாப்பூர் விசைத்தறியில் நெய்தது பவானிப் பேரில் சந்தையில் ஓடுகிறது என்று பவானி நெசவாளர்கள் பல ஆண்டாக முறையிட்டு வருகிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்த அப்பாவின் பிள்ளை இன்று திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். சட்டம் இருக்கிறது, குறியீடு இருக்கிறது, வாங்குபவர் இல்லை. "யாரு சார் போடுறா?" என்று கேட்டவருக்கு இதுதான் பதில்: போடாமல் விட்டது நாம்.

பாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி விடியலில் டைல்ஸ் காலைக் கடிக்கிறது, மூட்டுவலிக்காரர்களுக்கும் தவழும் குழந்தைக்கும் ஆகாது என்று சொல்வது சரிதான். அதற்கும் தடித்த கம்பளம் வேண்டியதில்லை. கோரையின் உள்ளே பஞ்சுபோன்ற சோறு இருக்கிறது, அதில் காற்று நிறைந்திருக்கிறது. கீழே கோரைப்பாய், மேலே ஜமக்காளம் என்று இரண்டு அடுக்காக விரித்தால் தரைக்குளிர் மேலே வராது. அப்பத்தா காலத்துப் பிரசவ வீடுகளில் இதைத்தான் செய்தார்கள். காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கம் விளையும் கோரையில் நெய்த பாய் அன்றாடப் புழக்கத்துக்குப் போதும். நல்லது வேண்டும் என்பவர்களுக்குத் தாமிரபரணிக் கரைப் பத்தமடை இருக்கிறது. அங்கே கோரையை ஊறவைத்து, நூலிழைபோல மெல்லிசாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாய் துணியைப் போல மடங்கும். தலைமுறையாக அதை நெய்பவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். இந்து வீட்டுத் திருமணத்துக்கு மணமக்கள் பெயரை அதில் பொறித்துக் கொடுப்பதும் அவர்கள்தான். பிளாஸ்டிக் பாய் வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை, கழுவினால் உடனே காய்வதும் விலை மலிவும் உண்மையான நன்மைகள். ஆனால் மதுரை வெயிலில் அதில் படுத்து எழுந்தால் முதுகு நனைந்துவிடும்; டைல்ஸில் ஜமக்காளத்தைவிட அதுதான் அதிகம் வழுக்கும்.

ஜமக்காளத்துக்கும் குறைகள் உண்டு. அடர் நிறங்கள் முதல் இரண்டு மூன்று அலசலில் சாயம் விடும். தனியாகத்தான் துவைக்க வேண்டும். ஈரத்தோடு தரையில் போட்டால் டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, இடையில் அடைத்த வெள்ளைச் சிமெண்டு கறையாகும். அறையின் எதிரொலியை முடிக் கம்பளம் அடக்கும் அளவுக்கு ஜமக்காளம் அடக்காது. அதற்குத் தடித்த பருத்தித் திரைச்சீலை நல்ல துணை. சோபா நிறத்தோடு பொருந்தவில்லை என்பவர்களுக்கு, பழைய சிவப்பு, பச்சை, நீலப் பட்டை மட்டும்தான் ஜமக்காளம் என்று நினைக்க வேண்டாம் என்று சொல்வேன். ஒரே நிறத்தில், மெல்லிய கரையோடும் நெய்கிறார்கள். பட்டை போட்டதே எனக்குப் பிடிக்கும். வெள்ளை டைல்ஸில் அந்தச் சிவப்பு விழும்போது, வெறிச்சென்று இருந்த அறைக்கு உயிர் வருகிறது.

அளவுக்கு டேப் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஹாலில் ஒட்டியது பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான். எத்தனை பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவீர்கள் என்று யோசித்து, அந்த இடத்தில் டைல்ஸை எண்ணுங்கள். மூன்றுக்கு நாலு என்றால் ஆறடிக்கு எட்டடி. நடக்கிற வழியில் ஒரு டைல்ஸ் அகலமாவது வெறுமையாக விடுங்கள். கதவு திறக்கும் வட்டத்துக்குள் விரிப்பு வரக் கூடாது. கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்: கைத்தறி முத்திரை இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை தெரியாத நெருக்கம் இருக்கிறதா. பிறகு அங்கேயே சுருட்டி, தோளில் தூக்கிப் பாருங்கள். வீட்டில் அதைத் துவைக்கப் போகிறவர் உங்கள் மனைவியோ அம்மாவோ என்றால், தூக்கிப் பார்க்க வேண்டியவர் அவர்தான். அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேண்டுகோள். கம்பளக் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அம்மாவின் சீர்வரிசையோடு வந்த ஜமக்காளம் ஒன்று பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கிடக்கும். மாடியில் நன்றாக உதறி, ஒரு நாள் வெயிலில் போட்டு, உங்கள் டைல்ஸ் தரையில் ஒரு மாதம் விரித்தும் சுருட்டியும் புழங்குங்கள். அதன் பிறகும் கார்ப்பெட் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள்.